குடத்தில் விழுந்த வளையம்

கும்பகோணத்திலிருந்து டீச்சர் அந்த வீணையைக் கொண்டுவந்து இறக்கியது 2021 தை மாதம். வாடகை வண்டியின் பின்சீட்டில் வீணை படுத்திருந்தது. டீச்சர் முன்சீட்டில் உடம்பைத் திருப்பிக்கொண்டு வழிநெடுக அதைப் பார்த்தபடியே வந்திருக்கிறார். உறையைக் கழற்றியதும் குடத்தில் எனக்கு முதலில் தெரிந்தது என் முகம்தான். அப்படியொரு பளபளப்பு. கல்யாண மண்டபத்து சோபாக் கையில் பார்த்திருக்கிறேன், அந்த மினுமினுப்பு.

"சத்தம் அடைச்ச மாதிரி இருக்கு தம்பி. கம்பிய மாத்திப் பாத்தாச்சு. மேளமும் போன வருஷம்தான் கட்டினது."

"பாலீஷ் எப்ப போட்டது டீச்சர்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். தம்பி மகன் ஆசையாகச் செய்துகொடுத்ததாம். எழுபதாவது பிறந்தநாளுக்கு அத்தைக்குத் தெரியாமல் எடுத்துப்போய், நாற்காலி மேஜைக்கு மெருகு போடும் ஒரு பட்டறையில் கொடுத்து, கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். பார்த்ததும் அழுகை வந்துவிட்டது என்றார். அது சந்தோஷத்தில் வந்ததென்று அவன் நினைத்துக்கொண்டானாம்.

வீணை அவருடைய அம்மாவுடையது. குடமும் தண்டியும் யாளியும் ஒரே மரத்தில் கடைந்த ஏகாண்ட வீணை. பலா. இப்போது அந்தப் பருமனுக்குப் பலா கிடைப்பது அரிது. பண்ருட்டிப் பக்கம் நல்ல அடிமரம் விழுந்தால் பத்துப் பேர் காத்திருப்பார்கள். குடத்தின் பின்பக்கம் ஒரு விரிசல், ஒரு சாண் நீளம். அதைப் பட்டி வைத்து மூடி மேலேயே மெருகு ஏற்றியிருந்தார்கள். விரிசலைத் தைக்க வேண்டும், மேலே இருப்பதை எடுக்க வேண்டும், பிறகு எதையாவது பூச வேண்டும். முதல் இரண்டும் வேலை. மூன்றாவதுதான் தலைவலி.

"எந்தப் பாலீஷ் நல்லது?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்வி. யார் வாசிக்கிறார்கள்? இதை அடுத்து எப்போது பிரிப்பார்கள்? இரண்டாவது கேள்வி பலருக்குப் பிடிப்பதில்லை. இப்போதுதானே சரிபண்ணக் கொடுக்கிறோம், அதற்குள் அடுத்த ரிப்பேரா என்று முகம் சுருங்கும். ஆனால் வீணை பிரிக்கப்படுவதற்கென்றே பிறந்த கருவி. மெட்டு உட்கார்ந்திருக்கும் மெழுகு நாளடைவில் காய்ந்து வெடிக்கும், வெயிலில் இளகும், சுருதி நகரும். சில வருஷத்துக்கு ஒருமுறை இருபத்துநாலு மெட்டையும் எடுத்து மறுபடி மேளம் கட்டியாக வேண்டும். பிருடை தேயும். மேல்பலகை தொய்யும். ஒட்டு வீணை என்றால் தண்டியும் குடமும் சேரும் இடம் விடும். எங்கள் பெரியவர்கள் வஜ்ஜிரத்தில் ஒட்டினார்கள் என்றால், அது சூட்டுக்கும் தண்ணீருக்கும் விட்டுக்கொடுக்கும் என்பதும் ஒரு காரணம். விட்டுக்கொடுக்காத பசையில் ஒட்டிய வீணையைப் பிரித்தால் மரம்தான் பிளக்கும். பூச்சுக்கும் அதே கணக்கு. பின்னால் வருபவன் எடுக்க முடியாத பூச்சைப் போடுகிறவன் அவனுக்கு வேலை வைத்துவிட்டுப் போகிறான். இந்தத் தடவை அந்தப் பின்னால் வந்தவன் நான்.

முதலில் மேலே இருப்பது என்னவென்று தெரிய வேண்டும். குடத்தின் அடியில், தரையில் படும் இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு நிமிஷம் வைத்தேன். பிசுபிசுத்தால் அரக்கு. பிசுபிசுக்கவில்லை. அடுத்து தின்னர். அதில் இளகினால் என்.சி. லாக்கர். அதற்கும் அசையவில்லை. அப்படியென்றால் இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற பி.யூ. பாலீஷ். காய்ந்தபின் அது கரைவதில்லை. சாப்பாட்டு மேஜைக்கு அதைவிட நல்ல பூச்சு கிடையாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சூடான பாத்திரம் வைக்கலாம், ரசம் கொட்டலாம். வீணையின் மேல் யாரும் ரசம் கொட்டுவதில்லை.

கரையாவிட்டாலும் பெயின்ட் ரிமூவர் இருக்கிறதே, சூட்டுத் துப்பாக்கி இருக்கிறதே என்று கேட்கலாம். நகாசுப் பட்டைகளைக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தேன். கற்பூர வாசனை. டீச்சர் அதுவரை தந்தம் என்றே நினைத்திருந்தார். தந்தம் இல்லை, செல்லுலாய்டு. அதன் உள்ளேயே கற்பூரம் இருக்கிறது. தின்னர் பட்டால் கரையும், சூடு பட்டால் பற்றிக்கொள்ளும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பத்தொன்பது வயதில், பெரியப்பா ஊரில் இல்லாத நாளில், அழுக்கேறிய ஒரு வீணையைப் பளிச்சென்று ஆக்கி அவரை அசத்திவிடலாம் என்று தின்னரில் துணியை முக்கி யாளியிலிருந்து குடம்வரை ஒரே இழுப்பாகத் துடைத்தேன். மரம் சுத்தமாகத்தான் வந்தது. வெள்ளைப் பட்டையில் கீறி மை ஏற்றியிருந்த கொடியும் அன்னமும் கண் முன்னாலேயே குழைந்து, துணியோடு கறுப்பாக இழுபட்டு வந்தன. பட்டை முழுக்க ஆறிய பால் ஆடை மாதிரி சுருங்கிவிட்டது. பெரியப்பா திட்டவில்லை. அந்த வீணையின் நகாசு முழுவதையும் என்னையே திரும்பக் கீறவைத்தார். நாற்பது நாள் ஆனது. அன்னத்தின் அலகு இன்றைக்கும் எனக்கு நன்றாக வரும்.

ஆகவே டீச்சர் வீணைக்குச் சுரண்டல் ஒன்றுதான் வழி. பட்டறைகளில் இதற்குக் கண்ணாடிச் சில்லுதான் கருவி. புதிதாக உடைத்த ஜன்னல் கண்ணாடியின் ஓரம் எந்த உளியையும்விட மெல்லிசாகச் சீவும், மழுங்கினால் தூக்கிப் போட்டுவிடலாம். உப்புத்தாள் போட்டால் சீக்கிரம் முடியும்; ஆனால் உப்புத்தாளுக்குப் பூச்சு எது, மரம் எது என்று தெரியாது. கண்ணாடி அப்படியில்லை. பூச்சில் போகும்போது ஒரு கிறீச்சு, மரத்தைத் தொட்டால் சத்தம் மாறும். அந்த இடத்தில் கையை நிறுத்திவிடலாம்.

மூன்று வாரம். மேல்பலகையில் அது மரத்தோடு மரமாக ஏறியிருந்தது, ஏனென்றால் அடிக்கும்முன் நன்றாகத் தேய்த்திருந்தார்கள். ஆனால் குடம் தண்டியோடு சேரும் வளைவில், தேய்க்கக் கை நுழையாத இடத்தில், பழைய அரக்குப் பூச்சின் மேலேயே அடித்திருக்கிறார்கள். அரக்கில் இயல்பாகவே கொஞ்சம் மெழுகு உண்டு. மெழுகை நீக்காத அரக்கின் மேல் பி.யூ. பிடித்து நிற்பதில்லை. நகத்தால் நெம்பியதும் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. உரிந்த இடத்தில் இருந்தது ஒரு சிவப்பு வட்டம், எட்டணாக் காசு அளவு. அதைச் சுற்றி வெளிறிய வளையம்.

குங்குமமும் சந்தனமும். வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அதே இடத்தில் வைத்து வைத்து, ஈரச் சந்தனம் அரக்கை வெளுக்கவைத்து, குங்குமத்தின் சாயம் அதற்குள் இறங்கியிருக்கிறது. சுத்தமாக்குகிற வேலையென்றால் அதையும் எடுத்திருக்க வேண்டும். நான் டீச்சருக்குப் போன் போட்டேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "அம்மா கைதான் தம்பி அது. நான் வைக்கிறது கீழ்ப்பக்கம்" என்றார். ஆக, ஒரு விஷயம் முடிவாகிவிட்டது: அந்த உள்ளங்கை அகலப் பகுதியில் பழைய அரக்கு அப்படியே இருக்கும், புதிதாகப் போடுவது எதுவானாலும் அதனோடு ஒட்டிப்போக வேண்டும்.

அதன் மேல் படிந்திருந்த பட்டறைத் தூசியை எடுப்பதில் ஒரு சின்னக் கூத்து. பழைய பூச்சின் மேல் அழுக்கெடுக்க எச்சிலைப்போல எதுவும் கிடையாது. பஞ்சுக் குச்சியை நாக்கில் தொட்டு உருட்டினால் பூச்சு நோகாமல் அழுக்கு மட்டும் வரும். பெரிய அருங்காட்சியகங்களில் ஓவியம் துடைக்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் இது சரஸ்வதி உட்காரும் கருவி, எச்சில் படலாமா? பெரியப்பா யாரும் பார்க்காதபோது செய்வார், செய்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். எனக்கு அந்தக் குங்குமத்தின் மேல் மனசு வரவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரைப் பஞ்சில் பிழிந்து, தொட்டும் தொடாமலும், அரைநாள் எடுத்துக்கொண்டேன்.

விரிசலுக்கு வைத்த புதுப் பலாச் சில்லு எலுமிச்சை மஞ்சளாக இருந்தது. பலாவின் குணம் அது. அறுத்த அன்றைக்கு மஞ்சள் குளித்த முகம், வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு வருஷங்களில் தேன்நிறமாகி, அப்புறம் கருஞ்சிவப்புக்குப் போகும். அந்த மஞ்சள் சும்மா இல்லை, நல்ல சாயம். இலங்கையிலும் பர்மாவிலும் தாய்லாந்திலும் பிக்குகளின் அங்கிக்குப் பலாச் சிராயைக் காய்ச்சித்தான் துவராடை தோய்த்தார்கள். சில்லைப் பழைய மரத்தின் நிறத்துக்குக் கொண்டுவரச் சாயம் பூசுகிற வழக்கம் உண்டு. நான் பூசுவதில்லை. இன்றைக்குப் பொருந்துகிற நிறத்தைப் பூசினால், உள்ளே மரம் தன்பாட்டுக்குக் கறுத்து, ஐந்து வருஷத்தில் சில்லு சுற்றியிருப்பதைவிடக் கருப்பாகத் தெரியும். அதனால் ஒட்டுவதற்கு முன்பே சில்லை மொட்டைமாடியில் பங்குனி வெயிலில் போட்டுவைத்தேன். முழுக்கப் பழசாகவில்லை, ஒரு படி குறைவாக நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை அது தானே பார்த்துக்கொள்ளும்.

சில்லு வெயிலில் கிடந்த நாட்களில் பூச்சு எதுவென்று யோசித்தேன். ஒரே பலாப் பலகையை ஆறு கட்டமாகப் பிரித்து ஆறு விதம் பூசி ஜன்னலோரம் சாத்திவைப்பது என் பழக்கம். டப்பாவில் எழுதியிருப்பதை நம்புவதைவிட இது மேல்.

ஆளிவிதை எண்ணெய் மரத்தை அழகாகக் காட்டும், அதில் இரண்டாவது பேச்சில்லை. ரேகை உள்ளிருந்து எழும்பும். ஆனால் உள்ளே போன எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாது. மெல்லிசான மேல்பலகையில் அது இறங்கிவிட்டால் நாளைக்கு ஒரு விரிசலை ஒட்டப் பசை பிடிக்காது. போதாததற்கு, எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறிப் புகையும். என் பட்டறையில் ஒரு மத்தியானம் குப்பைக்கூடையே கருகியிருக்கிறது. அதிலிருந்து அந்தத் துணிகளை விரித்துக் கொடியில் காயப்போட்ட பிறகுதான் சாப்பிடப் போவேன். வெறும் தேன்மெழுகு தேய்த்தால் தொடுவதற்கு சுகம், காப்பு கிடையாது. அதைக் குழைக்க டர்பன்டைன் வேண்டும், அது மேளத்து மெழுகின் பக்கம் போனால் மெட்டு நகரும். என்.சி. லாக்கர் சீக்கிரம் காயும், தின்னரில் பிரித்தும் எடுக்கலாம். ஆனால் செல்லுலாய்டு பக்கத்தில் தின்னர் புட்டியைத் திறக்கவே எனக்குக் கை நடுங்கும், பத்தொன்பது வயதுக் கை. பி.யூ.வை ஒப்புக்குப் பூசிப் பார்த்தேன்.

கடைசியில் மிஞ்சியது அவலரக்கு. அவல் மாதிரி தட்டையாக, தேன் நிறத்தில் நொறுங்குகிற அது, புரசிலும் பூவத்திலும் இலந்தையிலும் ஒட்டி வாழும் ஒரு பூச்சி சுரப்பது. ஜார்க்கண்டில்தான் நிறைய. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற ஊரில் இதற்கென்றே 1924-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள், அந்தக் காலத்தில் அரக்குக்கு அவ்வளவு கிராக்கி. கிராமபோன் தட்டே அரக்கில்தானே வார்த்தார்கள். வீணை தனம்மாள் 1938-ல் போய்விட்டார். அவர் விரல் நமக்குக் கேட்கிறதென்றால் அது அந்த அரக்குத் தட்டுகளின் தயவு. வீணையின் மேல் பூசுவதும் வீணையின் ஒலியைப் பிடித்துவைத்ததும் ஒரே பூச்சியின் உழைப்பு என்பது பாலீஷ் ஊறும் இரவுகளில் நான் நினைத்துக்கொள்கிற விஷயம்.

அரக்கின் பெரிய நல்ல குணம், புதுப் பூச்சு பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகிவிடும். ஐம்பது வருஷம் கழித்து ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்கும் அது இளகும். குங்குமம் இருந்த பகுதிக்கும் புதுசுக்கும் நடுவில் கோடே தெரியாமல் சேர்க்க வேறெதனாலும் முடியாது. முடிவு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சமயம் டீச்சர் வீணையைப் பார்க்க வந்தார். முகக்கவசம், பையில் சானிடைசர். வாசலில் ஒருமுறை, உட்கார்ந்ததும் ஒருமுறை கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டார். அந்த ஈரம் காய்வதற்குள் பாசமாகக் கையை நீட்டி, ஜன்னலோரம் இருந்த பலகையைத் தொட்டுப் பார்த்தார். நாலு விரல் ரேகையும் அரக்குக் கட்டத்தில் அச்சாக விழுந்தது.

சானிடைசரில் முக்கால்வாசி சாராயம். அரக்கைக் கரைப்பதும் அதுதான்.

"இத வாசிக்கிறதுக்கு முன்னாலயும் போட்டுக்குவீங்களா டீச்சர்?"

"பின்ன? பிள்ளைங்க வருதுங்களே தம்பி, ஒரே வீணையத் தொடுதுங்க."

நான் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியதாயிற்று. வீணையில் கை படும் இடம் ரொம்ப அதிகமில்லை. வலது முன்கை சாயும் குடத்து விளிம்பு. இடது கட்டைவிரல் மேலும் கீழும் ஓடும் தண்டியின் ஓரம். மிச்சமெல்லாம் கண் படும் இடம். பழைய வீணைகளில் அந்த இரண்டு இடத்திலும் பூச்சு தேய்ந்து வெறும் மரம் வியர்வையில் வழவழத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வயலின் செய்கிறவர்கள் இதற்கு வெகுகாலமாகவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உடம்புக்கு வார்னிஷ் போடுவார்கள், கை ஓடும் கழுத்துக்குப் போடுவதில்லை. அங்கே மரத்தை வழுவழுப்பாக்கி, லேசாக எண்ணெய் காட்டித் துடைத்து விட்டுவிடுவார்கள். கைக்கும் சறுக்கலாக இருக்கும்.

ஒரு வீணைக்கு ஒரே பூச்சு என்று எவன் சொன்னது? தண்டியின் ஓரத்தில் இரண்டு சாண் நீளத்துக்கும், குடத்து விளிம்பில் முன்கை அகலத்துக்கும் முதலில் மெழுகு நீக்கிய அரக்கை நீர்க்க ஒரு கை கொடுத்து, அதைக் கிட்டத்தட்ட மரம்வரை தேய்த்து எடுத்துவிட்டேன். துவாரங்களில் மட்டும் அரக்கு நிற்கும், எண்ணெய் ஆழமாக இறங்காது. அதன் மேல் ஆளிவிதை எண்ணெய் நாலைந்து சொட்டு, உள்ளங்கையாலேயே தேய்த்து, பத்து நிமிஷத்தில் உலர்ந்த துணியால் துடைத்தேன். ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை. இவ்விரண்டு இடத்திலும் ஒட்டு கிடையாது, கெட்டி மரம். பின்னால் பசை பிடிக்காதே என்ற பயம் இங்கே இல்லை. எண்ணெய்க் கொள்கையை நான் மீறியதற்கு இதுதான் சமாதானம். பெரியப்பா இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

மற்ற இடமெல்லாம் அரக்கு. லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் போட்டேன், அதற்கு மேல் கெட்டியாகப் போனால் மேல்பலகையில் கனம் சேரும். கண்ணாடிப் புட்டியில்தான் ஊறவைக்க வேண்டும், இரும்பு பட்டால் பாலீஷ் கறுத்துப்போகும். இரவு முழுக்க ஊறட்டும், நடுநடுவே குலுக்கிவிட்டு, மல் துணியில் வடிகட்டுவது. ஸ்பிரிட்டைக் கடையில் வாங்கி வந்ததும், புட்டியைத் தூரமாக வைத்துவிட்டு ஒரு கரண்டியில் கொஞ்சம் ஊற்றிக் கொளுத்திப் பார்ப்பேன். எரிந்து அணைந்தபின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் கடைக்காரருக்கே திரும்பிப் போகும். தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டில் போட்ட பாலீஷ் பூத்துவிடும், வெள்ளை வெள்ளையாக. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நல்ல ஸ்பிரிட்டே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பூத்துவிடும் என்பதால் அந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் பாலீஷ் பேச்சே கிடையாது, மேளம் கட்டுகிற வேலைதான். ஊறவைத்த புட்டியின் மேல் தேதி எழுதி ஒட்டுவதும் கட்டாயம். ஆறு மாதம் தாண்டிய பாலீஷ் சரியாகக் காயாது. எவ்வளவு நாள் விட்டாலும் விரல் ஒட்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுக் காயவைத்து நகத்தால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பலாவுக்குத் துவாரம் பெரிது. அதை அடைக்கச் சாக் பவுடரில் காவி கலந்து தேய்ப்பார்கள். கதவுக்கு அது போதும். வீணையில் நாள் போகப் போக சாக் வெளுத்து, மரம் முழுக்க உப்புப் பூத்த மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும். நான் செய்வது, முதல் இரண்டு கை பாலீஷ் கொடுத்துவிட்டு, 400 நம்பர் தாளில் பாலீஷையே தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்ப்பது. மரத்தூளும் அரக்கும் குழைந்து துவாரத்தில் போய் உட்காரும். அந்த மரத்தை அந்த மரமே அடைத்துக்கொள்ளும், நிறம் மாறுவதற்கும் வழியில்லை.

பிறகு பஞ்சுப் பொட்டலம். பழைய வேட்டித் துணி, பலமுறை துவைத்து நூல் பிரியாததாக இருக்க வேண்டும். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் பாலீஷ், துணியின் வெளியே ஒரு சொட்டு எண்ணெய், இழுக்கும்போது ஒட்டாமல் இருக்க. விமானம் இறங்கி ஏறுவதைப்போல, நகர்ந்துகொண்டே மரத்தில் பட்டு நகர்ந்துகொண்டே விலக வேண்டும். நடுவில் ஒரு நொடி நின்றாலும் துணியின் நெசவு பூச்சில் பதிந்துவிடும். போன் அடித்தால் அடிக்கட்டும். காலையில் வெயில் ஏறுவதற்குள் ஒரு கை, சாயங்காலம் ஒரு கை, இப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள். இது கண்ணாடி ஆக்குகிற வேலை இல்லை. குடத்தில் முகம் தெரிய ஆரம்பித்தால் நிறுத்திவிடுவேன். ஜன்னல் வெளிச்சம் விளிம்பு கலைந்து தெரிகிற அளவு போதும். குடத்தின் உட்பக்கத்தைத் தொடவே மாட்டேன். அங்கே மரம் வெறும் மரமாகவே இருக்கட்டும். யாளியின் மேலிருந்த பழைய சிவப்பையும் பச்சையையும் தொடவில்லை. நாக்கின் நுனியில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது, அதுவும் அப்படியே இருக்கிறது.

பூச்சு முழுக்க இறுகி முடிந்த பிறகுதான் மேளம். முதலில் மெழுகு கட்டிவிட்டுப் பிறகு பாலீஷ் போட்டவர்களின் வீணையில் மெட்டின் ஓரமெல்லாம் கறுப்பு இழுபட்டிருக்கும். தேன்மெழுகும் கரியும் குழைத்த அந்தக் கறுப்பு ஒருமுறை மரத்தில் ஏறினால் போகாது.

தம்பி மகன் வீணையை எடுத்துப்போக வந்தான். நல்ல பையன். செய்த தப்பு அவனுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது போலும், நிறையப் படித்துவிட்டு வந்திருந்தான். ஸ்ட்ராடிவாரி வயலினின் ரகசியமே வார்னிஷில்தானே இருக்கிறது என்றான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2009-ல் பாரிசில் ஸ்ட்ராடிவாரியின் ஐந்து கருவிகளை எடுத்து, பூச்சைத் துகள் துகளாக ஆராய்ந்தார்கள். அடியில் எண்ணெய், அதன் மேல் எண்ணெயில் கலந்த பிசின், சிலவற்றில் சிவப்பு நிறமி. அந்தக் காலத்து ஓவியன் எவன் வீட்டிலும் இருந்த சாமான்கள். அவன் முகம் கொஞ்சம் விழுந்தது. "அப்ப சத்தம்?" என்றான்.

சத்தம் மாறியதா என்று டீச்சரும் கேட்டார். மடியில் வைத்து மந்தரத்தில் ஒரு தடவை மீட்டியதும் கண்ணை மூடிக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பாலீஷின் கணக்கில் எழுத எனக்கு இஷ்டமில்லை. நான் மேல்பலகையிலிருந்து சுரண்டி எடுத்த பி.யூ. தூள் ஒரு டம்ளர் இருந்தது. அந்தச் சுமை இறங்கியது ஒரு காரணமாக இருக்கலாம். கூடவே குதிரையின் வெண்கலத் தகட்டையும் புதிதாக ராவி வளைவு சரிசெய்திருந்தேன், கம்பி புதுசு, மேளம் புதுசு, விரிசல் மூடியிருக்கிறது. சி.வி. ராமன் 1921-ல் நம் ஊர் நரம்புக் கருவிகளைப் பற்றி எழுதியபோதும் அவர் கண் போனது குதிரையின் அந்த வளைவில்தான். மோசமான பூச்சு சத்தத்தை அடைக்கும். நல்ல பூச்சு குறுக்கே வராமல் இருக்கும், அவ்வளவே என்னால் சொல்ல முடியும். இப்படிச் சொல்வதால் கூலி கொஞ்சம் குறைவாகவே கிடைக்கிறது.

வீணைப் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் ஒரு தாள் ஒட்டினேன். எங்கே அரக்கு, எங்கே எண்ணெய், எந்த மாதம் போட்டது, நகாசு செல்லுலாய்டு, தின்னர் ஆகாது, சூடு ஆகாது, குங்குமம் இருக்கும் இடத்தைத் தொட வேண்டாம். டீச்சரிடம் சானிடைசர் போட்டால் கை முழுக்கக் காயும்வரை நூறு எண்ணச் சொன்னேன். சோப்பு போட்டுக் கழுவிக்கொள்வது அதைவிட நல்லது என்றும் சொன்னேன்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் போன் வந்தது.

"தம்பி, பொட்டு வச்ச எடத்துல வெள்ளையா வட்டம் விழுந்துருக்கு. நீங்க போட்ட பாலீஷ்தான்."

"சந்தனத்து ஈரம் டீச்சர். அரக்குன்னா அப்படித்தான். நாலஞ்சு நாள்ல கொஞ்சம் மங்கும். மங்கலைன்னா நான் அந்தப் பக்கம் வரப்போ ஸ்பிரிட் தொட்ட பஞ்சால ஒரு இழுப்பு இழுத்தா போயிடும். அஞ்சு நிமிஷ வேலை."

"எங்க வச்சேன் தெரியுமா? அம்மா வச்ச எடத்துக்குப் பக்கத்துலயே."

"வரட்டுமா டீச்சர்?"

"வேற எதுக்காவது வந்தா வாங்க," என்றார். "இதுக்கு வர வேண்டாம்."